பங்கு இல்லாத பங்காளி

காசு கொடுத்துத் துக்கத்தை வாங்குகிறவர்கள் உலகத்தில் அதிகம் இல்லை. தோற்கும் கால்பந்தாட்டக் குழுவுக்கு ரஸிகராக இருப்பவரை அவர்களில் முதல் வரிசையில் உட்கார வைக்கலாம். டிக்கெட்டுக்குக் காசு, பஸ்ஸுக்குக் காசு, நீலச் சட்டைக்குக் காசு. கிடைப்பதோ, மறுநாள் காலையில் மனைவியின் ஒரு பார்வை!

அப்படிப்பட்ட அன்பர் ஒருவரைக் கள்ளக்குறிச்சியில் சந்தித்தேன். உரக்கடை வைத்திருக்கிறார்; கொஞ்சம் கரும்பும் மரவள்ளியும் பயிரிடுகிறார். நாற்பது வயதைத் தாண்டியவர். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். "கடைக்கு வர்றவங்க யூரியா விலையை விட்டுட்டு ஸ்கோர் கேட்க ஆரம்பிச்சுடுவாங்க சார்" என்பது அவர் பயம்.

அவருடைய குழு 'சென்னையின் எஃப்.சி.' இந்தியன் சூப்பர் லீக் பந்தயங்கள் 2014-இல் தொடங்கியபோது பிறந்த குழு அது. நடிகர் அபிஷேக் பச்சன், தொழிலதிபர் விதா டானி, கிரிக்கெட் வீரர் தோனி ஆகியோர் அதன் கூட்டு உரிமையாளர்களானார்கள். அன்பருக்கு அந்தப் பெயரிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. "'சென்னையின்'னு பாதியில நிறுத்திட்டாங்க. சென்னையின் எது சார்? ஊருக்குச் சொந்தம்னு பேர் சொல்லுது, பத்திரம் வேற சொல்லுது!" என்கிறார். இலக்கண ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய விஷயம்தான்.

சென்னைக் குழுவின் மேல் கள்ளக்குறிச்சிக்காரருக்கு என்ன அக்கறை என்று கேட்கலாம். அந்த லீகில் தமிழ் நாட்டுக்கென்று ஆடிய குழு அது ஒன்றுதான். ஆகவே கல்வராயன் மலை அடிவாரத்திலிருந்து பெரியமேடு நேரு ஸ்டேடியத்துக்குச் சுமார் 250 கிலோமீட்டர் போக வேண்டியிருக்கிறது. ஆட்டம் பெரும்பாலும் இரவு ஏழரை மணிக்கு. முடிய ஒன்பதரை ஆகும். முன்பெல்லாம் கோயம்பேட்டில் பஸ் பிடித்துக்கொண்டிருந்தார்; இப்போது கிளாம்பாக்கம் வரையில் போயாக வேண்டும். திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை என்று தூங்கி விழித்து, ஊர் வந்து சேரும்போது பால்காரர் எதிரே வருவார். ஜெயித்துவிட்டு வந்தால் இந்தத் தூரம் ஒரு பொருட்டே இல்லை. தோற்றுவிட்டு வரும்போதுதான் ஒவ்வொரு சுங்கச் சாவடியும் கண்ணில் படுகிறது.

ஜெயித்த நாட்களும் உண்டு. அதுதான் வியாதிக்குக் காரணம்! 2015-இல் குழு ஒரு சமயம் பட்டியலின் அடியில் கிடந்தது. டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தது. சொந்த ஊரில் நடக்க வேண்டிய அரையிறுதி ஆட்டத்தைப் புனேக்கு மாற்றினார்கள். அங்கே கொல்கத்தாவை 3-0 என்று வென்று, டிசம்பர் 20-ஆம் தேதி கோவாவில் நடந்த இறுதிப் பந்தயத்தில் ஆட்டம் முடியும் தறுவாயில் பின்தங்கியிருந்து, கடைசி நிமிஷங்களில் இரண்டு கோல் விழ, 3-2 என்று கோப்பையைத் தட்டிக்கொண்டு வந்தது. வீட்டில் தண்ணீர் புகுந்து நொந்துபோயிருந்த ஊருக்கு அது எத்தனை பெரிய ஆறுதல்!

இரண்டாவது கோப்பை 2018 மார்ச் 17. அன்று அன்பர் ஒரு நிச்சயதார்த்தத்துக்காக வெள்ளிமலைக்குப் போயிருந்தார். ஒன்பதாவது நிமிஷத்தில் சுனில் சேத்ரி பெங்களூருக்காகத் தலையால் முட்டிக் கோல் போட்ட செய்தி வந்தது. அத்துடன் செல்போனில் சிக்னல் போய்விட்டது. பந்தியை விட்டு எழுந்து, மலைச் சாலையில் சிக்னல் கிடைக்கும் வளைவு ஒன்றை விசாரித்துக்கொண்டு இருட்டில் நடந்திருக்கிறார். போய்ச் சேர்ந்தபோது மைல்சன் ஆல்வஸ் இரண்டு கோல் அடித்து முடித்திருந்தார். 67-ஆவது நிமிஷத்தில் ரஃபேல் அகஸ்டோ மூன்றாவது. பெங்களூர் கடைசியில் ஒன்றைத் திருப்பியும் 3-2. "ஜெயிச்சாச்சு!" என்று அன்பர் மலை அதிரக் கத்தினாராம். எங்கிருந்தோ ஒரு நாய் மட்டும் பதில் கொடுத்ததாம்.

அடுத்த வருஷமே அதே குழு பத்துக் குழுக்களில் பத்தாவதாக வந்தது. 18 ஆட்டங்களில் இரண்டே வெற்றி. அதற்கும் அடுத்த பருவத்தில் அடியில் கிடந்த குழுவை ஓவன் காயில் என்ற ஸ்காட்லாந்துக்காரப் பயிற்சியாளர் தூக்கி நிறுத்தினார். லிதுவேனியாவைச் சேர்ந்த வால்ஸ்கிஸ் 15 கோல் போட்டார். 2020 மார்ச் 14-ஆம் தேதி கோவாவில் கொரோனாவுக்கு அஞ்சி ஆள் இல்லாத மைதானத்தில் நடந்த இறுதிப் பந்தயத்தில் கொல்கத்தாவிடம் 3-1 என்று தோற்றது.

அன்பரின் கோபம் அந்தத் தோல்வியின் மேல் அல்ல. அதற்குப் பிறகு நடந்ததன் மேல்தான். சில மாதங்களில் காயிலும் ஜாம்ஷெட்பூருக்குப் போனார், வால்ஸ்கிஸும் போனார். சென்னைக்கு அடுத்த பருவத்தில் எட்டாவது இடம். 20 ஆட்டங்களில் 11 சமன். "ஜெயிக்கவும் இல்ல, தோக்கவும் இல்ல, வாடகை வீட்ல குடியிருக்கிற மாதிரி ஒரு வருஷம்" என்கிறார். அடுத்த பருவமும் எட்டு, அதற்கடுத்ததும் எட்டு! இதற்கிடையில் ஜாம்ஷெட்பூர் காயிலின் கையால் 2021-22 லீக் கேடயத்தை வாங்கியது. 2023-இல் நடுக்கள வீரர் அனிருத் தாப்பா மோகன் பாகானுக்குப் போனார். அதே வருஷம் காயில் சென்னைக்கே திரும்பி வந்தார். முதலில் ஆறாவது இடம். 2024-25-இல் பதின்மூன்றில் பதினொன்றாவது. பிறகு அவரும் விடைபெற்றார்.

உரிமையாளர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. நம் நாட்டில் கால்பந்துக் குழு நடத்துவது லாபத் தொழில் அல்ல. வருஷா வருஷம் கைப்பணம் கரைகிறது. லீகின் நடத்தை உரிமை பற்றிய ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிவதாக இருந்தது. புதுப்பிக்க வழி தெரியவில்லை என்று ஜூலையில் பந்தயங்களையே நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்டில் சென்னைக் குழு தன் அலுவல்களை நிறுத்தியது. கடைசியில், 2026 பிப்ரவரி 14-இல் லீக் சுருங்கிய உருவில் தொடங்கியது. எந்த இரு குழுவுக்கும் ஒரே ஓர் ஆட்டம்தான். அந்த இடைப்பட்ட மாதங்களில் அன்பர் என்ன செய்தார்? "பத்திரிகையில வர்றதைப் படிச்சேன். எங்களுக்குன்னு யார் சார் சொல்வாங்க?" என்றார். எனக்கு இந்தக் கேள்விதான், பதினொன்றாவது இடத்தைக் காட்டிலும் பெரிதாகப் பட்டது.

ஏனென்றால் தமிழ் நாட்டில் இதைவிடப் பரிதாபமான கதை ஒன்று உண்டு. 1946-இல் வேர்விட்ட சென்னை சிட்டி என்ற குழு, கோயமுத்தூரைச் சொந்த மைதானமாகக் கொண்டு ஐ-லீகில் ஆடியது. 2019 மார்ச் 9-இல் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று இந்தியாவின் சாம்பியன் ஆயிற்று! கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்து மாவட்டமான கடலூரைச் சேர்ந்த நெய்வேலியில் பிறந்த எட்வின் வான்ஸ்பால் அந்தக் குழுவில் ஆடினார். ஸ்விட்சர்லாந்தின் பாசல் குழு 26 சதவிகிதப் பங்கு வாங்கியது. அப்புறம்? 2020-21 பருவத்தோடு ஐ-லீகில் அதன் பெயர் இல்லாமல் போயிற்று. தோற்கிற குழுவைத் திட்டுவதற்காவது ஒரு விலாசம் இருக்கிறது. கோயமுத்தூர் ரஸிகருக்கு அதுவும் இல்லை.

ரஸிகர் குரல் எடுபட்ட இடமும் இந்தியாவிலேயே இருக்கிறது. 1911-இல் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி வெள்ளைக்காரப் பட்டாளக் குழுவை வென்ற மோகன் பாகான், 2020-இல் புது முதலாளியின் குழுவோடு இணைந்தபோது, அதன் பெயருக்கு முன்னால் 'ஏ.டி.கே.' என்று மூன்றெழுத்து ஒட்டிக்கொண்டது. ரஸிகர்கள் விடவில்லை, மூன்று வருஷம் முழக்கமிட்டார்கள். 2023 மார்ச் 18-இல் குழு கோப்பை வென்ற இரவே அந்த எழுத்துக்களை எடுத்துவிடுவதாக முதலாளி சஞ்சீவ் கோயங்கா அறிவித்தார். ஜெர்மனியில் இன்னும் ஒரு படி மேல். அங்கே, சில விலக்குகள் தவிர, குழுவில் பாதிக்கு மேல் ஒரு வாக்காவது அங்கத்தினர்களிடம் இருக்க வேண்டும் என்று 1998 முதல் விதி.

இந்த ஜெர்மன் ஏற்பாட்டை அன்பருக்கு விளக்கப் போனேன். அவர் பாதியிலேயே பிடித்துக்கொண்டார். கச்சிராயபாளையத்திலும் மூங்கில்துறைப்பட்டிலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றனவல்லவா? கரும்பு போடுகிறவர் பங்கு வாங்கி அங்கத்தினர் ஆகலாம். எத்தனை ஏக்கர் வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு. பேரவைக் கூட்டத்தில் எழுந்து நின்று கேள்வியும் கேட்கலாம். அன்பர் மேஜை டிராயரிலிருந்து தம் பங்குப் பத்திரத்தை எடுத்துக் காட்டினார். மடிப்பில் கிழிந்து, பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்தது. அதன் அடியில் பழைய ஆட்ட டிக்கெட்டுகள், ரப்பர் பாண்டு போட்டு ஒரு கட்டு.

"கரும்பு வெட்டி ஏத்துறது ஒரு நாள் வேலை; அதுக்கு ஓட்டு இருக்கு. பத்து வருஷமா ராத்திரி முழுக்க முழிக்கிறேன். இதுக்கு ஒண்ணும் இல்லையா?" என்றார்.

குழுவை வாங்கிவிட வேண்டும் என்றோ, முதலாளிகளைத் துரத்த வேண்டும் என்றோ அவர் ஆசைப்படவில்லை. வருஷத்தில் ஒரு நாள், நேரு ஸ்டேடியத்திலேயே, காலியாகக் கிடக்கும் ஒரு மாலையில், உரிமையாளர்கள் வந்து உட்கார்ந்து, யாரை ஏன் விற்றோம், யாரை ஏன் எடுத்தோம், அடுத்த வருஷம் குழு இருக்குமா என்று ரஸிகர்களிடம் சொன்னால் போதுமாம். அதற்கும் 250 கிலோமீட்டர் பஸ் ஏறி வரத் தயார்.

"டீயும் மிக்சரும்கூட வேணாம் சார்" என்றார். "ஆலைக் கூட்டத்துல அதுவும் குடுக்கிறாங்க."