உட்கார்ந்தபடியே உடல் பிடித்தல்: உழைப்பாளிக்கு அதனால் ஆகும் பயன்

கூட்டுறவுச் சங்கங்களை ஆய்வு செய்யும் எம் போன்றோர்க்கு மனிதர்களைக் காட்டிலும் ஏடுகளோடுதான் பழக்கம் அதிகம். சென்ற ஆண்டு ஒரு நெசவாளர் சங்கத்தின் பாவு வழங்கல் ஏட்டைப் பார்வையிடுகையில், முன்பு எட்டு நாளில் நெய்து கொடுத்த பாவுக்கு அங்கத்தினர் ஒருவர் பன்னிரண்டு நாள் எடுத்துக்கொள்வதைக் கண்டேன். ஏட்டில் அது "உற்பத்திக் குறைவு" என்று மட்டுமே பதிவாகியிருந்தது. அவரை அழைத்துக் காரணம் வினவினேன். "மதியத்துக்கு மேல் தோள் எழும்ப மறுக்கிறது, ஐயா" என்றார். நெய்த துணிக்கே கூலி என்ற தொழிலில், தோள் ஓய்ந்தால் அடுப்பும் ஓயும். தறியை விட்டுவிடலாமா என்று கூட அவர் எண்ணத் தொடங்கியிருந்தார்.

இத்துன்பம் அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. ஆண்டிபட்டி, சக்கம்பட்டி, டி.சுப்புலாபுரம் பக்கத்தில் குழித்தறியில் அமரும் நெசவாளர், கால்களால் மிதியை மிதித்து, ஒரு கையால் நாடாக் கயிற்றை இழுத்து, மறு கையால் ஊடையை அடித்து, கழுத்தைக் குனிந்தபடி நாள் முழுதும் இருக்கிறார். கம்பம் பள்ளத்தாக்கிலோ கதை நேர்மாறானது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை பந்தலில் படர்வது. கவாத்து செய்வோரும் குலை அறுப்போரும் கைகளை உயரத் தூக்கி, அண்ணாந்தபடியே மணிக்கணக்கில் நிற்கின்றனர். ஒருவர் குனிந்து நோகிறார். மற்றவர் நிமிர்ந்து நோகிறார். நோவு தங்கும் இடம் இருவர்க்கும் கழுத்தும் தோளும்தாம்.

காரணம் எளிது. அசையாமல் இறுகி நிற்கும் தசை, தனக்குள் ஓடும் சிறு இரத்தக் குழாய்களைத் தானே அழுத்துகிறது. இரத்த ஓட்டம் குறைகிறது. தசை களைத்து நோகிறது. சற்று அசைவும், சற்றுத் தளர்வும், இதமான அழுத்தமும் கிடைத்தால் இறுக்கம் விலகுகிறது.

இதனை நம் முன்னோர் அறியாதவரல்லர். சித்த மருத்துவத்தின் புற மருத்துவ முறைகளுள் தொக்கணம் ஒன்று. தட்டல், பிடித்தல், அழுத்தல், முறுக்கல், அசைத்தல் முதலாக ஒன்பது வகை அதற்குக் கூறப்படும். முடி திருத்தும் நிலையத்தில் வேலை முடிந்ததும் நாற்காலியில் இருந்தபடியே தலையையும் தோளையும் பிடித்துவிடும் வழக்கமும் நம் ஊர்களில் நெடுங்காலமாக உள்ளது.

இதே எண்ணம் அயல்நாட்டில் ஓர் ஒழுங்கான முறையாக வளர்ந்தது. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் டேவிட் பால்மர் என்பவர், ஜப்பானியரின் "அம்மா" என்னும் பிடிமுறையை அடிப்படையாகக் கொண்டு, 1980-களில் இதனை அலுவலகங்களுக்குக் கொண்டுசென்றார். 1986-இல் இதற்கெனத் தனி நாற்காலியும் உருவாயிற்று. அமர்பவர் முன்புறம் சாய்ந்து, மார்பையும் முகத்தையும் மெத்தைகளில் தாங்கி, கைகளைப் பலகையில் வைத்துக்கொள்வார். சட்டையைக் கழற்ற வேண்டுவதில்லை, எண்ணெயும் வேண்டா, படுக்கையும் வேண்டா. கால்மணி நேரத்தில் கழுத்து, தோள், முதுகு, கை ஆகியவற்றைப் பிடித்து முடித்துவிடலாம். வேலை செய்யும் இடத்திலேயே, வேலை நேரத்தினிடையே செய்ய இயல்வதே இதன் சிறப்பு.

இதனால் விளையும் நன்மை யாது? மயாமி பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த தொடு ஆராய்ச்சி நிலையத்தார் 1996-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 26 பேர்க்கு வாரம் இருமுறை, பதினைந்து நிமிடம், ஐந்து வாரங்கள் நாற்காலியில் உடல் பிடித்துவிடப்பட்டது. மேலும் 24 பேர் அதே நாற்காலியில் வெறுமனே இளைப்பாறினர். பிடித்துவிடப்பட்டவர்கள் கணக்குகளை விரைந்தும் பிழை குறைத்தும் செய்தனர். அவர்தம் மனக் கவலையும் குறைந்தது. சிறிய ஆய்வாகலின் இதனைப் பெரிதுபடுத்துதல் கூடாது. இடுப்பு வலிக்கு உடல் பிடித்தல் பற்றி 25 ஆய்வுகளைத் திரட்டி, 2015-இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பீடும், குறுகிய காலத்துக்கே ஓரளவு தணிவு உண்டெனவும், அதற்கான சான்றும் வலுவற்றதெனவும் கூறுகிறது. ஆகவே இது நோயை அகற்றும் மருந்தன்று. அன்றாடக் களைப்பைத் தணிக்கும் துணை என்று கொள்வதே முறை.

நிற்க, ஓர் எச்சரிக்கை. கழுத்தை வெடுக்கென்று திருப்பிச் சொடக்கு எடுப்பதை அறவே விலக்குக. அதனால் மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் நேர்ந்ததுண்டு. 2017-இல் தில்லியில் முடி திருத்துமிடத்தில் கழுத்தைச் சொடுக்கிய ஒருவர்க்கு, மூச்சுக்குரிய உதரவிதானத்தை இயக்கும் நரம்பு கெட்டு, மூச்சு விடுவதே இடராயிற்று. காய்ச்சல், புதுக் காயம், எலும்பு முறிவு, காலில் திடீர் வீக்கம் உள்ளோரும், இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போரும், கருவுற்ற பெண்டிரும் மருத்துவரைக் கேளாமல் உடல் பிடித்துக்கொள்ளலாகாது. கை மரத்துப் பிடி தளர்ந்தால் அது வெறும் களைப்பன்று, மருத்துவரிடம் காட்டுக. மார்பில் இறுக்கமும் வியர்வையும் கூடித் தோளும் இடக்கையும் நோகுமாயின், யாரையும் பிடித்துவிடச் சொல்லிக் காலம் கடத்தாமல், க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ உடனே விரைக.

சங்கங்கள் செய்யக்கூடியது யாது? விலை உயர்ந்த நாற்காலி தேவையில்லை. கைப்பிடியற்ற உறுதியான மர நாற்காலியில் பின்புறம் நோக்கி அமர்ந்து, சாய்மானத்தின் மேல் தலையணை வைத்து அதில் சாய்ந்தால் போதும். முறையாகப் பயின்ற ஒருவரை, துணி கொடுக்கும் நாளில் அல்லது கூலி வழங்கும் நாளில் சங்கத்துக்கு வரவழைக்கலாம். பெண் அங்கத்தினர்க்குப் பெண்ணே அமைய வேண்டும். அழுத்தம் தசையின்மீது இருக்கட்டும், முதுகெலும்பின்மீது வேண்டா. நோகிறதென்று அமர்ந்தவர் சொன்ன மாத்திரத்தில் கையை எடுத்துவிடல் வேண்டும்.

இவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. நோவின் காரணத்தை விட்டுவிட்டு நோவை மட்டும் தடவிக்கொடுப்பது, ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதை ஒக்கும். தறிக்குழியின் இருக்கைப் பலகையை அவரவர் உயரத்துக்கேற்ப அமைத்தலும், வெளிச்சம் வேண்டுமளவு இருத்தலும், மணிக்கு ஒருமுறை எழுந்து தோளைச் சுழற்றுதலும், பந்தல் வேலையில் கை தாழ்ந்த வேலையை இடையிடையே மாற்றிக் கொடுத்தலும் செலவற்ற சீர்திருத்தங்கள்.

முன்சொன்ன அங்கத்தினர் பலகையை உயர்த்திக்கொண்டார், மருத்துவரிடமும் காட்டினார், வாரம் இருமுறை அவர் மகன் தோளைப் பிடித்துவிடுகிறான். இவ்வாண்டு ஏட்டில் அவர் பாவுக்குப் பத்து நாள் என்று கண்டேன். எட்டு ஆகவில்லை, ஆயினும் தறி நிற்கவில்லை. அங்கத்தினர் தோளும் சங்கத்தின் மூலதனமே என்பதை நிர்வாகக் குழுவினர் நினைவிற்கொண்டு, அடுத்த கூட்டத்தில் இதற்கெனச் சற்று நேரம் ஒதுக்குவார்களாக.