ஒரு 'தம்ஸ் அப்'... 24 மணி நேர கார் ரேஸை தலைகீழாக மாற்றியது எப்படி? சேஃப்டி கார் குழப்பம் பற்றி முழு விவரம்!

2017 ஜூன் 18, நள்ளிரவு தாண்டிய நேரம். பிரான்ஸில் நடந்துகொண்டிருந்த லே மான்ஸ் 24 மணி நேர கார் பந்தயத்தில் முதலிடத்தில் இருந்தது டொயோட்டாவின் 7-ம் எண் கார். ஓட்டியவர் ஜப்பானின் கமுய் கோபயாஷி. தகுதிச் சுற்றில் 13.6 கி.மீ. நீளமுள்ள அந்தத் தடத்தை 3 நிமிடம் 14.791 விநாடிகளில் சுற்றி, புதிய சாதனை படைத்தவர். அந்த வருஷம் ஜெயிக்கப்போவது இந்த கார்தான் என்று பலரும் முடிவே கட்டிவிட்டார்கள்.

பெட்ரோல் போட பிட் லேனுக்குள் வந்த கார், வேலை முடிந்து வெளியேறும் இடத்துக்குப் போனது. அங்கே சிவப்பு விளக்கு. தடத்தில் சேஃப்டி கார் ஓடிக்கொண்டிருந்ததால் காத்திருக்க வேண்டும். அப்போது ஹெல்மெட் போட்ட ஒருவர் காரை நோக்கி வந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். மார்ஷல்தான் 'போகலாம்' என்கிறார் என்று நினைத்து கோபயாஷி காரைக் கிளப்பினார்.

ஆனால் வந்தவர் மார்ஷலே இல்லை. வேறொரு அணியின் ஓட்டுநர் வின்சென்ட் கபிலேர். தன் முறைக்காகக் காத்திருந்தவர், முன்னணியில் ஓடும் காருக்கு உற்சாகம் கொடுக்கலாம் என்று நல்ல எண்ணத்தில் செய்தது அது. பிறகு அவர் மன்னிப்பும் கேட்டார்.

ஒரு கை அசைவுக்கு கார் எப்படி பழுதாகும்?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. கோபயாஷி நகர்ந்ததைப் பார்த்ததும், 'விளக்கு இன்னும் சிவப்பு, நில்லுங்க' என்று ரேடியோவில் அணி கத்தியது. கார் நின்றது. மறுபடி கிளம்பியது. இப்படி நிறுத்தி நிறுத்திக் கிளம்பியதில் கிளட்ச் சூடேறிக் கருகிவிட்டது.

நம்ம தெருவில் ஓடும் கார் ஒரு நாளைக்கு நூறு முறை நின்று கிளம்பும். அதற்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் அந்த டொயோட்டா ஒரு ஹைப்ரிட் ரேஸ் கார். பிட்டில் இருந்து அது மின் மோட்டாரின் பலத்தில்தான் நகரும், வேகம் எடுத்த பிறகே இன்ஜின் சேரும். அதனால் எடையைக் குறைக்க கிளட்ச்சை சின்னதாக வடிவமைத்திருந்தார்கள். நின்ற இடத்தில் இருந்து இன்ஜின் பலத்தில் காரை இழுப்பது அதன் வேலையே இல்லை. சேஃப்டி கார் விலகி ரேஸ் மீண்டும் சூடுபிடித்தபோது கோபயாஷி ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். இன்ஜின் உறுமியது, கார் போகவில்லை. மின்சாரத்தில் தத்தித் தத்தி பிட்டுக்கு வரப் பார்த்தார், அதுவும் முடியவில்லை. வழியிலேயே ஆட்டம் முடிஞ்சு போச்சு.

முந்தைய வருஷம்தான், 2016-ல், வெற்றிக்கு மூன்று நிமிடங்களே இருக்கும்போது டொயோட்டாவின் இன்னொரு கார் சக்தி இழந்து நின்றுபோனது. அந்தக் காயமே ஆறாத நேரம். அதே இரவில் டொயோட்டாவின் 9-ம் எண் காரும் மோதலில் சிக்கி வெளியேறியது. 8-ம் எண் கார் ஏற்கெனவே பழுதாகி மணிக்கணக்கில் கராஜில் கிடந்திருந்தது. கடைசியில் ஜெயித்தது, தொடக்கத்திலேயே பழுதுபார்க்க ஒரு மணி நேரத்துக்கு மேல் இழந்திருந்த போர்ஷே நிறுவனத்தின் 2-ம் எண் கார்!

அந்த சிவப்பு விளக்கு எதற்கு?

தடத்தில் விபத்து நடந்தால், காரை அகற்றும் ஊழியர்களுக்கு ஆபத்து வரக்கூடாது. அதற்காக ஒரு கார் முன்னால் வந்து எல்லோரையும் மெதுவாகக் கூட்டிச் செல்லும். அதுதான் சேஃப்டி கார். முந்தக் கூடாது, வரிசையாகப் போக வேண்டும், அவ்வளவுதான்.

ஃபார்முலா 1-ல் ஒரே ஒரு சேஃப்டி கார். லே மான்ஸில் மூன்று. தடம் அவ்வளவு நீளம். ஒரே கார் என்றால் 60 கார்களும் அதன் பின்னால் வந்து சேரவே நேரம் பிடிக்கும். அதனால் மூன்று இடங்களில் மூன்று கார்கள் நுழையும், பின்னால் மூன்று ரயில் மாதிரி கார்கள் ஊர்ந்து போகும்.

சிக்கல் என்னவென்றால், இந்த நேரத்தில் பிட்டுக்குள் போன கார் நினைத்தபோது வெளியே வர முடியாது. அடுத்த 'ரயில்' கடந்து போகும் வரை சிவப்பு விளக்கில் நின்று, அதன் வாலில் ஒட்டிக்கொள்ள வேண்டும். பத்து விநாடி முன்னால் கிளம்பிய எதிராளி முதல் ரயிலில், நீங்கள் இரண்டாவது ரயிலில் என்றால், கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு லேப் இடைவெளி. அதாவது ஒரு நிமிடத்துக்கும் மேல்! எந்தத் தப்பும் செய்யாமலேயே பல மணி நேர உழைப்பு போய்விடும். பாதுகாப்புக்கு வந்த கார், லாட்டரி சீட்டு மாதிரி ஆகிவிட்டது என்று ஓட்டுநர்கள் புலம்பியதில் நியாயம் இருக்கிறது.

ஓடிப்போய் காரில் ஏறிய காலம்

சேஃப்டி கார் மட்டுமல்ல, ரேஸ் தொடங்கும் விதமும் இங்கே பெரிய கதை. ஒரு காலத்தில் லே மான்ஸில் கார்கள் ஒரு பக்கம் நிற்கும், ஓட்டுநர்கள் எதிர்ப்பக்கம் நிற்பார்கள். கொடி அசைந்ததும் ஓடிப்போய், குதித்து ஏறி, ஸ்டார்ட் செய்து பறக்க வேண்டும். பார்க்க பரபரப்பாக இருக்கும். ஆனால் சீட் பெல்ட் வந்த பிறகு அது உயிரோடு விளையாடுகிற வேலை ஆனது. முதலில் கிளம்பணும் என்ற அவசரத்தில் யார் நிதானமாக பெல்ட் போடுவார்கள்? 1968-ல் கதவைச் சரியாக மூடாமல் கிளம்பிய வில்லி மைரெஸ், முதல் லேப்பிலேயே கதவு திறந்துகொண்டு விபத்தில் சிக்கினார். அவரது ரேஸ் வாழ்க்கை அதோடு முடிந்தது.

1969-ல் பெல்ஜியத்தின் ஜாக்கி இக்ஸ் ஒரு காரியம் செய்தார். எல்லோரும் ஓடும்போது அவர் மட்டும் நடந்தே போனார். பொறுமையாக பெல்ட்டை மாட்டிக்கொண்டு கடைசி ஆளாகக் கிளம்பினார். அது அவருடைய எதிர்ப்பு. அதே முதல் லேப்பில், போர்ஷே 917 காரை ஓட்டிய ஜான் வுல்ஃப் விபத்தில் உயிரிழந்தார். 24 மணி நேரம் கழித்து, வெறும் 120 மீட்டர் வித்தியாசத்தில் ஜெயித்தது யார் தெரியுமா? நடந்து போன அதே இக்ஸ்! அடுத்த வருஷம் ஓட்டுநர்கள் பெல்ட் போட்டு காருக்குள் உட்கார்ந்த பிறகே ரேஸ் தொடங்கியது. 1971 முதல் ஓடிக்கொண்டே தொடங்கும் 'ரோலிங் ஸ்டார்ட்' வந்தது.

ரோலிங் ஸ்டார்ட்டில் ஒரு கார் முன்னால் போகும், மற்றவை வரிசையாகப் பின்தொடரும். அது பிட்டுக்குள் ஒதுங்கியதும், பச்சை விளக்கில் ரேஸ் ஆரம்பம். மழை பெய்தால் அந்த முன்னோட்டம் இன்னும் சில லேப் நீளும். ஆனால் அதனால் மட்டும் ஆபத்து நீங்கிவிடாது. 2021-ல் ஈரமான தடத்தில் சேஃப்டி கார் பின்னால்தான் தொடங்கினார்கள். பச்சை விளக்கு விழுந்து முதல் திருப்பத்துக்கு வருவதற்குள், கிளிக்கன்ஹாஸ் கார் ஒன்று பின்னாலிருந்து டொயோட்டாவின் 8-ம் எண் காரை இடித்துத் தள்ளியது. அந்த கார் போராடி இரண்டாம் இடம் வரை வந்தது தனிக்கதை. அன்று ஜெயித்தது 7-ம் எண் கார், அதில் கோபயாஷியும் இருந்தார்.

இதன் உச்சம் 2013-ல் ஜப்பானின் ஃபூஜியில் நடந்தது. 6 மணி நேர ரேஸ். கொட்டுகிற மழை. சேஃப்டி கார் பின்னால் 16 லேப் ஊர்ந்தார்கள், இடையிடையே நிறுத்தினார்கள், கடைசியில் அப்படியே முடித்துவிட்டார்கள். ஒரு லேப் கூட உண்மையான ரேஸ் கிடையாது. ஆனாலும் வெற்றியாளர் உண்டு, பாதிப் புள்ளிகளும் உண்டு!

அப்போ என்னதான் தீர்வு?

2013 லே மான்ஸில், ரேஸ் தொடங்கி பத்து நிமிடத்துக்குள் டென்மார்க் வீரர் ஆலன் சிமன்சன் விபத்தில் உயிரிழந்தார். அந்த ரேஸில் மொத்தமாக ஐந்து மணி நேரத்துக்கும் மேல் சேஃப்டி கார்தான் ஓடியது. அடுத்த வருஷமே 'ஸ்லோ ஸோன்' முறை வந்தது. விபத்து நடந்த பகுதியில் மட்டும் 80 கி.மீ. வேகம், மற்ற இடங்களில் வழக்கம்போல ரேஸ். சின்ன விபத்துகளுக்கு இதுவே போதும்.

நடிகர் அஜித்குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸில் தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்ததே, அந்தத் தொடரில் இன்னொரு வழி இருக்கிறது. அதன் பெயர் 'கோட் 60'. ஊதா நிறக் கொடி காட்டியதும் எல்லா கார்களும் 60 கி.மீ. வேகத்துக்குக் குறைய வேண்டும். எல்லோருக்கும் ஒரே வேகம் என்பதால், ஒருவர் பின்னால் ஒருவர் வந்து ஒட்டிக்கொள்ளும் பிரச்னை பெரிதாக இல்லை.

லே மான்ஸ் வேறு பாதையில் போனது. 2023 முதல் மூன்று ரயில்களையும் ஒன்றாக இணைத்து, ஒரே சேஃப்டி காரின் பின்னால் நிறுத்தும் முறை வந்தது. பிட்டில் மாட்டிக்கொண்டு நிமிடக்கணக்கில் இழக்கும் அநியாயம் இதில் குறைகிறது. ஆனால் இன்னொன்று முளைக்கிறது. கஷ்டப்பட்டு ஒரு நிமிடம் முன்னிலை எடுத்தவரின் இடைவெளி, ஒரே நொடியில் காணாமல் போய்விடும். வரிசையைச் சரிசெய்யவே ஏகப்பட்ட நேரம் ஆகிறது என்ற குறையும் சேர்ந்துகொண்டது. ரசிகர்கள் இதில் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள்.

2024 ரேஸில் இரவு மழையால் நான்கு மணி நேரத்துக்கும் மேல் சேஃப்டி கார் பின்னால் ஊர்ந்தார்கள். கடைசியில் ஒன்பது கார்கள் ஒரே லேப்பில் முடித்தன, ஃபெராரியின் 50-ம் எண் கார் ஜெயித்தது வெறும் 14 விநாடியில். இரண்டாவதாக வந்த கார், 23-வது இடத்தில் இருந்து ரேஸைத் தொடங்கிய டொயோட்டா 7. அதன் மூன்று ஓட்டுநர்களில் ஒருவர் கமுய் கோபயாஷி.