வீடு தேடி வரும் அந்த அக்காவைப் பற்றி இதெல்லாம் தெரியுமா?

கர்ப்பிணி இருக்கும் வீட்டுக்கும் கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கும் ஒருவர் தேடி வருகிறார். எடை பார்க்கிறார், நாலு கேள்வி கேட்கிறார், உட்கார்ந்து பேசுகிறார், கிளம்பிவிடுகிறார். அவ்வளவுதான்! அந்த ஒரு வருகை உலகத்தில் எத்தனை உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது தெரியுமா? எத்தனை பேரின் சம்பளத்தைக்கூட உயர்த்தியிருக்கிறது தெரியுமா? ஆமாம், சம்பளத்தை!

உயிரோடு இருந்தால் ஒரு பவுண்டு!

இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு நகரத்துக்கு 1904-ல் மேயரானவர் பெஞ்சமின் பிராட்பென்ட். தன் பகுதியான லாங்வுட்டில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அவர் ஒரு வாக்குறுதிச் சீட்டு கொடுத்தார். அதில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? குழந்தை முதல் பிறந்தநாளைப் பார்த்துவிட்டால் ஒரு பவுண்டு பரிசு! ஒரு வயதை எட்டுவதே சாதனையாக இருந்த காலம் அது. அவர் பணத்தோடு நிறுத்தவில்லை. பச்சிளங்குழந்தை உள்ள வீடுகளுக்குப் பெண்கள் நேரில் போய்த் தாய்மாருக்கு ஆலோசனை சொல்ல ஏற்பாடு செய்தார். ஆனால் குழந்தை பிறந்த சேதி தெரிந்தால்தானே போக முடியும்? 1906-ல் அந்த நகரத்துக்கு அதற்கும் ஒரு சட்டம் வந்தது. பிறந்த 48 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லியே ஆக வேண்டும்!

இதற்கும் முன்னோடி உண்டு. 1862-லேயே மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டில், வீடு வீடாகப் போய்ச் சுகாதாரம் சொல்லிக்கொடுக்கச் சம்பளத்துக்குப் பெண்ணை அமர்த்திவிட்டார்கள். இன்றைய பிரிட்டனின் 'ஹெல்த் விசிட்டர்' வேலைக்கு வேர் அங்கேதான்!

80 மணி நேரம் வீட்டிலேயே உதவியாள்!

நெதர்லாந்தில் குழந்தை பிறந்தால் என்ன ஆகும் தெரியுமா? பயிற்சி பெற்ற பராமரிப்பாளர் ஒருவர் வீட்டுக்கே வந்துவிடுவார். ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டுப் போவதில்லை. ஏறக்குறைய எட்டு முதல் பத்து நாள், குறைந்தது 24 மணி நேரம், தேவைப்பட்டால் 80 மணி நேரம் வரை! தாய்க்கும் சேய்க்கும் காய்ச்சல் பார்ப்பார், பால் கொடுக்கச் சொல்லித்தருவார், மூத்த பிள்ளையையும் கவனித்துக்கொள்வார், வீட்டு வேலையிலும் கைகொடுப்பார். செலவின் பெரும்பகுதி மருத்துவக் காப்பீட்டில் போய்விடும்! நம் ஊரில் அம்மா வீட்டில் கிடைக்கும் கவனிப்பை அங்கே ஓர் அமைப்பே தருகிறது. அம்மா வீடு தூரத்தில் இருக்கும் நம் பெண்கள் எத்தனை பேர்! அவர்களை நினைத்தால் எனக்கு ஏக்கமாக இருக்கிறது.

டென்மார்க்கில் பச்சிளங்குழந்தை வீட்டுக்கு நர்ஸ் இலவசமாக வருவதற்குச் சட்டம் வந்தது எப்போது? 1937-ல்! ஜப்பானில் நான்கு மாதத்துக்குள் குழந்தை உள்ள எல்லா வீட்டுக்கும் ஆள் அனுப்பும் திட்டம் 2007 முதல் நடக்கிறது. பணக்கார வீடா, ஏழை வீடா என்ற கேள்வியே கிடையாது!

லண்டனுக்குப் பாடம் சொன்ன வறட்சி மாநிலம்!

1987. பிரேசிலின் சியரா மாநிலத்தில் கடும் வறட்சி. மக்களுக்கு வேலை கொடுக்க வேண்டுமே என்று அரசு யோசித்தது. பெரும்பாலும் உள்ளூர்ப் பெண்களைச் சுகாதாரப் பணியாளர்களாக எடுத்து வீடு வீடாக அனுப்பியது. வறட்சிக்காக வந்த வேலை நிலைத்துவிட்டது, நாடு முழுக்கப் பரவியும் விட்டது! ஒவ்வொரு வீட்டுக்கும் மாதம் ஒரு முறை வருகை. இதைப் பார்த்து 2021-ல் அதே மாதிரியைத் தொடங்கிய இடம் எது தெரியுமா? லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரின் பிம்லிகோ! சால்ஃபோர்டைப் பெற்ற நாடு, பிரேசிலிடம் கற்றுக்கொண்டது!

மணியை நகர்த்தினால் நிமோனியா தெரியும்!

இது நம் நாட்டுக் கதை. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டம். காடு, பழங்குடிக் கிராமங்கள், எட்டாத தூரத்தில் மருத்துவமனை. டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் தம்பதி அங்கேயே தங்கிவிட்டார்கள். அப்போது அங்கே ஆயிரம் குழந்தை பிறந்தால் 62 குழந்தைகள் முதல் மாதத்தைத் தாண்டவில்லை!

என்ன செய்தார்கள் தெரியுமா? 39 கிராமங்களில், பள்ளிப் படிப்பு மட்டுமே உள்ள உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பிரசவ நேரத்தில் கூடவே இருப்பது, பிறகு வீடு தேடிப் போய்க் குழந்தையைப் பார்ப்பது, சூடு குறையாமல் காப்பது, கிருமித் தொற்று வந்தால் ஊசிகூடப் போடுவது!

அதைவிட வியப்பு, அவர்களுடைய 'மூச்சு எண்ணி'! கிராமங்களில் எழுதப் படிக்கத் தெரியாத மருத்துவச்சிகளும் உண்டு. அவர்களுக்கு ஐம்பது அறுபது என்று எண்ணுவது கஷ்டம். அதனால் ஒரு நிமிட மணல் கடிகாரமும், கம்பியில் கோத்த மணிகளும் சேர்த்து ஒரு கருவி செய்தார்கள். குழந்தை பத்து மூச்சு விட்டால் ஒரு மணியை நகர்த்த வேண்டும். மணல் விழுந்து முடிவதற்குள் சிவப்பு மணி வந்துவிட்டதா? நிமோனியா! மின்சாரம் வேண்டாம், பேட்டரி வேண்டாம்!

1999-ல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வெளியானது. பச்சிளங்குழந்தை இறப்பு, பக்கத்துக் கிராமங்களோடு ஒப்பிட்டால் 62 சதவீதம் சரிந்திருந்தது! படிக்கும்போதே மெய்சிலிர்க்கிறது.

விளையாடினால் சம்பளம் கூடுமா?

கூடும்! ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரம், 1986-87. வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகள். ஆய்வாளர் சாலி கிரந்தம்-மெக்ரிகர் குழுவினர் அவர்களைப் பிரித்தார்கள். சிலருக்கு வாராவாரம் பால்மாவு. சிலருக்கு வாரம் ஒரு மணி நேரம் வீட்டில் விளையாட்டு. சிலருக்கு இரண்டும். சிலருக்கு எதுவும் இல்லை. விளையாட்டுச் சாமான் கடையில் வாங்கியதா? இல்லவே இல்லை! வீட்டில் தூக்கிப்போடும் பொருள்களிலேயே செய்தது! சுகாதார ஊழியர் அம்மாவையும் குழந்தையையும் சேர்த்து உட்காரவைத்து, பேசு, பாட்டுப் பாடு, பெயர் சொல்லு என்று காட்டுவார். அடுத்த வாரம் வேறு பொம்மை. இப்படி இரண்டு வருஷம், அவ்வளவுதான்!

இருபது வருஷம் கழித்துத் தேடிப்போய்ப் பார்த்தார்கள். விளையாட்டு கிடைத்தவர்கள், கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள்! வளர்ச்சி குன்றாமல் பிறந்து வளர்ந்தவர்களை வருமானத்தில் எட்டிப் பிடித்தும் விட்டார்கள்! பால்மாவு மட்டும் பெற்றவர்களுக்கு? நீண்டகாலப் பலன் தெரியவில்லை! சோறு முக்கியம்தான். ஆனால் குழந்தையிடம் பேசுவதும் சோறு மாதிரிதான் என்று இதைவிட எப்படிச் சொல்ல முடியும்?

அமெரிக்காவிலும் இப்படி ஒன்று உண்டு. டேவிட் ஓல்ட்ஸ் என்ற ஆய்வாளர் 1970-களின் கடைசியில் நியூயார்க் மாநிலத்தின் எல்மைராவில் 400 கர்ப்பிணிகளோடு தொடங்கினார். நர்ஸின் வருகை கர்ப்ப காலத்தில் சராசரி 9 முறை, குழந்தைக்கு இரண்டு வயது ஆகும்வரை 23 முறை. பதினைந்து வருஷம் கழித்துப் பார்த்தால், நர்ஸ் வந்த வீடுகளில் குழந்தைகள் கொடுமைக்கும் புறக்கணிப்புக்கும் ஆளான சம்பவங்கள் ஏறக்குறைய பாதிதான்!

கடல் தாண்டினால் இலங்கை!

1926-ல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியது. மருத்துவமாதுக்கள் என்று அங்கே அழைக்கப்படும் மருத்துவச்சிகள் வீடு வீடாக நடந்தார்கள். 1930-களில் லட்சம் பிரசவத்துக்கு 2,000-க்கும் மேல் தாய்மார் இறந்த தீவு அது. இன்று அந்த எண் 40-க்கும் கீழே! மருத்துவமனை, மருந்து, மலேரியா ஒழிப்பு, பெண் கல்வி எல்லாம் சேர்ந்துதான் இது நடந்தது. ஆனால் அந்த மாது இல்லாமல் நடந்திருக்காது. புதுசாகக் கல்யாணமான தம்பதியின் பெயர்கூட அவருடைய பதிவேட்டில் ஏறிவிடும் தெரியுமா!

ஆறு வருகை, 250 ரூபாய்!

இந்தியாவில் வீடு தேடி வரும் ஆஷா சுகாதாரப் பணியாளர்கள் சுமார் 10 லட்சம் பேர்! உலக சுகாதார நிறுவனம் 2022-ல் அவர்களுக்கு விருதே கொடுத்தது! மருத்துவமனையில் பிறந்த குழந்தையை ஆஷா வந்து பார்க்க வேண்டிய நாள்கள் 3, 7, 14, 21, 28, 42. வீட்டில் பிறந்திருந்தால் முதல் நாளும் சேர்த்து ஏழு! எடை பார்க்கத் தராசு, வெப்பமானி, குழந்தையைச் சுற்றக் கம்பளி எல்லாம் பையில் இருக்கும்.

இதற்கு 2011-ல் திட்டம் வந்தபோது வைத்த ஊக்கத்தொகை எவ்வளவு தெரியுமா? எல்லா வருகைக்கும் சேர்த்து 250 ரூபாய்! அதுவும் 42-வது நாள் தாயும் சேயும் நலமாக இருந்தால்தான்! இந்தத் தொகை போதவே போதாது. உயிர் காக்கும் வேலைக்கு மரியாதையான மாதச் சம்பளம் வேண்டும்.

தமிழ்நாட்டில் ஆஷாக்கள் குறைவு, மலைப் பகுதிகளில்தான் அதிகம். மற்ற ஊர்களில் வருபவர் கிராம சுகாதார செவிலியர், நம் நர்ஸம்மா! சமவெளியில் ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு 5,000 பேர் என்பது கணக்கு. உங்கள் வீட்டில் நல்ல சேதியா? 12 வாரத்துக்குள் அவரிடம் பதிவு செய்து, பிக்மி என்ற கர்ப்பப் பதிவு எண்ணை வாங்கிவிடுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துக்கும் அந்தப் பதிவு வேண்டும், குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் வேண்டும்! அவர் வீட்டுக்கு வந்தால் வாசலோடு அனுப்பிவிடாதீர்கள். உள்ளே கூப்பிட்டு, மனதில் இருக்கும் சந்தேகத்தையெல்லாம் கேளுங்கள்!