பாஷைக்கு எஜமானர் யார்?

2018-ஆம் வருஷம் ஜூலை மாதம் 12-ந் தேதி, ஹாலந்து தேசத்தவரான கைடோ வான் ராஸம் தமது சகாக்களுக்கு ஒரு நிருபம் எழுதினார். கணினிக்கு ஆணையிடுவதற்கென்று மனிதர் வகுத்த பாஷைகளில் இன்று மிகுந்த செல்வாக்குடன் விளங்கும் பைத்தானை ஆக்கியவர் அவர். 1989-ஆம் வருஷக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஆரம்பித்த வேலை அது. அன்றுமுதல் அப்பாஷையைப் பற்றிய விவகாரம் எதிலும் கடைசித் தீர்ப்பு அவருடையதாகவே இருந்தது. “ஆயுட்கால தயாள சர்வாதிகாரி” என்று நண்பர்கள் பரிகாசமும் பிரியமும் கலந்து அவருக்குப் பட்டம் சூட்டியிருந்தனர். அந்தப் பட்டத்தையும் அதிகாரத்தையும் அந்த நிருபத்தில் அவர் துறந்தார். தமக்குப் பின் இன்னார் என்று எவரையும் நியமிக்கவில்லை. ஜனநாயகமோ, அராஜகமோ, மற்றொரு சர்வாதிகாரமோ, உங்களுக்கு வேண்டியதை நீங்களே தேர்ந்துகொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்.

காரணம் என்ன? ஒரு முக்காற்புள்ளியும் அதையடுத்து ஒரு சமக்குறியும்! பைத்தானில் ஒரு கணக்கின் விடைக்குப் பெயரிடுவது ஒரு வாக்கியம். அவ்விடையைச் சோதிப்பது வேறொரு வாக்கியம். இப்புதிய குறி இரண்டையும் ஒரே வாக்கியத்தில் செய்ய இடங்கொடுத்தது. ஒரு வரி மிச்சமாகும், சொன்னதையே திரும்பச் சொல்ல வேண்டியதில்லை என்றனர் ஒரு கட்சியார். வாக்கியத்தில் நெரிசல் உண்டாகும், புதிதாய்க் கற்பவர் திகைப்பர், தெளிவே பிரதானம் என்ற இப்பாஷையின் தர்மத்துக்குப் பங்கம் வரும் என்றனர் மறு கட்சியார். இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. ஆனால் மாதக்கணக்கில் வளர்ந்த சர்ச்சையில் நியாயம் பின்னுக்குப் போய், ஏளனமும் கசப்பும் முன்னுக்கு வந்தன. வான் ராஸம் குறியை அங்கீகரித்தார், உடனே விலகினார். இவ்வளவு பாடுபட்டு ஒரு தீர்மானத்தை நிறைவேற்றி, முடிவில் பலர் அதை வெறுப்பதைக் காணும் நிலை இனித் தமக்கு வேண்டாம் என்பதே அவர் சொன்ன காரணம்.

ஒரு குறிக்காகவா இத்தனை கலகம் என்று நகைப்போர் உண்டு. நாம் நகைக்கவில்லை. பத்திரம் ஒன்றில் காற்புள்ளி இடம் மாறினால் சொத்தே கைமாறக்கூடும் என்பதை வழக்கறிஞர் அறிவர். பாஷையில் சேர்த்ததை எடுப்பதும் எளிதன்று. பழைய பிழைகளைத் திருத்தி 2008-ஆம் வருஷம் டிசம்பரில் பைத்தானின் மூன்றாம் பதிப்பு வெளிவந்தது. பழைய நிரல்கள் பல அதில் அப்படியே ஓடவில்லை. ஆகவே இரண்டாம் பதிப்புக்கு விடைகொடுக்க 2020 ஜனவரி வரை, பதினொரு வருஷங்கள், காத்திருக்க நேர்ந்தது. குறி சிறிது, அதன் சுமை பெரிது.

இத்தகைய சண்டை புதிதுமன்று. 1958-ல் ஜூரிச் நகரில் அமெரிக்கர் நால்வரும் ஐரோப்பியர் நால்வரும் கூடி, பின்னர் அல்கால் என்று பெயர்பெற்ற பாஷையை வகுத்தபொழுது, தசம ஸ்தானத்துக்கு முற்றுப்புள்ளி இடுவதா, காற்புள்ளி இடுவதா என்று மேஜையைத் தட்டி வாதிக்கும்படியாயிற்று. ஆயினும் அவர்கள் பிரிந்து போய்விடவில்லை. பாஷையின் மூல வடிவம் ஒன்று, அச்சிடும் வடிவம் ஒன்று, யந்திரத்துக்குரிய வடிவம் ஒன்று என்று மூவகையாக வகுத்துச் சமாதானம் கண்டனர். 1960-ல் பாரிஸில் பதின்மூவர் கூடி அதைச் செப்பனிட்டனர். சபை கூடிச் செய்த பாஷை உருப்படாது என்போர் இதைக் கவனிக்க வேண்டும். பிற்காலப் பாஷைகள் பலவற்றுக்கு இலக்கணம் வகுத்துக் காட்டியது அந்த அல்காலே.

தலைவரை இழந்த பைத்தான் சமூகத்தார் செய்தது நம் மனத்தைக் கவர்கிறது. அவர்கள் வேறொரு பெரியவரைத் தேடி ஓடவில்லை. ஆட்சி முறைக்கென ஏழு திட்டங்களைத் தயாரித்தனர். மீண்டும் ஒரு தலைவர் என்றது ஒன்று. மூவர் போதும் என்றது ஒன்று. தலைமையே வேண்டாம் என்றது மற்றொன்று. 2018 டிசம்பரில், அப்பாஷையைப் பராமரிப்போர் வாக்களித்து, ஐவர் கொண்ட சபையை ஏற்றனர். புதிய பதிப்பு வெளிவருந்தோறும் புதிய தேர்தல். மூன்றில் இரு பங்கினர் நம்பிக்கையில்லை என்று வாக்களித்தால் சபையினர் விலக வேண்டும். ஒரே முதலாளியிடம் ஊழியம் பார்ப்போர் ஐவரில் இருவருக்கு மேல் இருத்தலாகாது. இந்தக் கடைசி விதியைப் பெரிதும் பாராட்டுகிறோம். சம்பளம் கொடுப்பவன் கை எவ்வளவு தூரம் நீளும் என்பதை அறிந்தோர் எழுதிய விதி அது.

2019-ன் தொடக்கத்தில் முதற்சபை அமைந்தது. அதில் வான் ராஸமும் ஐவரில் ஒருவராக அமர்ந்தார். அடுத்த தேர்தலில் போட்டியிலிருந்து தாமே விலகிக்கொண்டார். அதிகாரத்தைக் கைவிடுவது அரிது. கைவிட்டபின் சமானமாக உட்கார்ந்து வேலை செய்வது அதனினும் அரிது.

ஒருவர் புத்தியில் பிறந்த பாஷைக்கு ஒருமைப்பாடு உண்டு. பலர் கைபட்டால் அது சிதையும் என்ற ஆட்சேபம் உண்டு. அதில் உண்மையில்லாமல் இல்லை. ஆனால் லட்சோபலட்சம் பேர் அதைக்கொண்டு பிழைக்கத் தொடங்கிய பின் ஒருவர் தோளில் அச்சுமையை ஏற்றுவது, பாஷைக்கும் நல்லதன்று, அந்த மனிதருக்கும் நல்லதன்று. பைத்தானைப் பராமரிப்போரில் பலர் ஊதியமின்றி, ஓய்வு நேரத்தில் உழைப்பவர்கள். அவர்கள் உழைப்பால் பயனடைவோர் கோடீசுவரக் கம்பெனிகள் முதல் பள்ளிச் சிறுவர் வரையில். பயனடைவோரிடமிருந்து வசையே கூலியாகக் கிடைக்குமானால் அந்த உழைப்பு எத்தனை நாள் நிலைக்கும்?

சர்ச்சைக்குரிய அக்குறி 2019 அக்டோபரில் வழக்கத்துக்கு வந்தது. அஞ்சியவர் அஞ்சியபடி பாஷை கெட்டுவிடவில்லை. புகழ்ந்தவர் புகழ்ந்தபடி சுவர்க்கமும் வந்துவிடவில்லை. வேண்டியவர் பயன்படுத்துகிறார்கள், வேண்டாதவர் விட்டுவிடுகிறார்கள். இதற்காகவா ஒரு மனிதரை அயரச் செய்தோம் என்று அன்று கூச்சலிட்டோர் தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்வது நலம்.

தேர்தலும் விதிகளும் ஒரு சபையை அமைக்கும். அதில் உட்காருவதற்கு நல்லவர்கள் முன்வருவது, எதிர்க்கட்சியார் பேசும் பேச்சைப் பொறுத்தது. உன் அபிப்பிராயம் தவறு என்று ஆயிரம் தடவை சொல்லலாம். நீ அற்பன் என்று ஒரு தடவை சொன்னாலும் பொதுக்காரியம் கெட்டது. பாஷை அதை ஆக்கியவருக்குச் சொந்தமன்று. அதை ஆளுவோர் அனைவருக்கும் சொந்தம். சொந்தக்காரர் என்ற உரிமையைக் கோருவோர், சொந்தக்காரருக்குரிய பொறுப்பையும் ஏற்க வேண்டுமென்பதே நமது அபிப்பிராயம்.