ஆயுள் நீண்டது, இன்ஷூரன்ஸ் நீண்டதா?

நூறாண்டு வாழ்க என்று வாழ்த்துவது நம் பெரியோர் மரபு. 1947-ல் தேசம் சுதந்திரம் அடைந்தபோது, பிறக்கும் குழந்தைக்குச் சராசரியாக எதிர்பார்க்கத்தக்க ஆயுள் சுமார் 32 வருஷமே. இன்றோ அது 70-ஐ எட்டியிருக்கிறது. இது நமக்குப் பெருமையளிக்கும் விஷயம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஆயுள் நீண்டதும் ஆயுள் இன்ஷூரன்ஸ் செய்ய வேண்டிய வேலையும் மாறிவிட்டது. இம்மாறுதலை ஜனங்கள் நன்கு உணரவில்லை; சர்க்காரும் கம்பெனிகளும் அதற்குத் தக்கவாறு நடக்கவில்லை என்பதே நமது குறை.

இத்தொழில் இந்நாட்டில் தோன்றியது இந்தியருக்காக அன்று. 1818-ல் கல்கத்தாவில் ஓரியண்டல் கம்பெனியும், 1829-ல் சென்னை ராஜதானியில் மெட்ராஸ் ஈக்விடபிளும் ஆயுள் இன்ஷூரன்ஸ் வியாபாரத்தைத் தொடங்கின. அக்காலத்து ஐரோப்பியக் கம்பெனிகள் இந்தியரின் உயிரைத் தாழ்ந்த தரமென மதித்து, ஏற்றுக்கொண்டாலும் அதிகப் பிரீமியம் வசூலித்தன. 1870-ல் ஏற்பட்ட பம்பாய் மியூச்சுவல் ஸ்தாபனமே இந்தியரையும் சாதாரண விகிதத்தில் ஏற்று இந்த அவமானத்தைத் துடைத்தது. பின்பு சுதேசி உணர்ச்சி ஓங்கிய காலத்தில், 1906-ல் சென்னையில் தோன்றிய யுனைட்டெட் இந்தியா முதலிய கம்பெனிகள் வளர்ந்தன. 1956-ல் 245 ஸ்தாபனங்களைச் சர்க்கார் தம் வசமாக்கி, செப்டம்பர் 1-ந் தேதி ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷனை நிறுவினர். ஆனால் ஜனங்களின் பணம் சர்க்கார் கைக்கு வந்துவிட்டால் மட்டும் பத்திரமாகிவிடாது என்பதை முந்த்ரா விவகாரம் உடனே காட்டிற்று. அதன் விளைவாக 1958-ல் நிதி மந்திரி டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலக நேர்ந்தது.

அந்நாளில் இன்ஷூரன்ஸ் எதிர்நோக்கிய அபாயம் ஒன்றே: சம்பாதிக்கும் புருஷன் இளமையில் மாண்டால் குடும்பம் தெருவில் நிற்கும். காலராவும் பிளேக்கும் மலேரியாவும் வாலிபர்களை வாரிக்கொண்டுபோன காலம் அது. அந்த அபாயம் அடியோடு ஒழிந்துவிடவில்லை. 2020, 2021-ம் வருஷங்களில் கொரோனா நோய் எத்தனையோ குடும்பங்களின் தலைவர்களைப் பறித்ததை யாரும் மறந்திருக்க முடியாது. ஆனால் இன்று அதோடு வேறு இரண்டு அபாயங்களும் சேர்ந்துள்ளன. நீரிழிவும் இருதய நோயும் மனிதனை உடனே கொல்லாமல் உழைக்க முடியாதவனாக்கி நெடுநாள் வைத்திருக்கின்றன. நோயில்லாதவனும் வேலையிலிருந்து ஓய்ந்தபின் இருபது, இருபத்தைந்து வருஷம் வருமானமின்றி வாழவேண்டியிருக்கிறது.

இவற்றிற்கு விற்கப்படும் பரிகாரம் யாது? இறந்தால் குடும்பத்திற்குத் தொகை, இருந்தால் முடிவில் போனஸோடு முதல் என்ற எண்டோமெண்ட் பாலிஸியே நெடுங்காலமாக ஜனங்களுக்குப் பழக்கம். கிராமத்தில் பாங்கி இல்லாத நாட்களில் அது சேமிப்புக்கு உதவிற்று. அதை நாம் குறைகூறோம். ஆனால் பிரீமியத்தின் பெரும்பகுதி சேமிப்பில் சென்றுவிடுவதால், குடும்பத்திற்குக் கிடைக்கும் பாதுகாப்பு சொற்பமாகிறது. 2000-ல் தனியார் கம்பெனிகளுக்கு மீண்டும் கதவு திறந்தபின், பங்கு மார்க்கெட்டோடு இணைந்த யூலிப் பாலிஸிகள் பெருகின. இவற்றில் மார்க்கெட் வீழ்ச்சியின் நஷ்டம் பாலிஸிதாரர் தலையிலேயே விழும் என்பதைப் பலர் 2008-ல்தான் கண்டறிந்தனர். 2010 செப்டம்பரில்தான் இவற்றின் கட்டணங்களுக்குக் கடும் வரம்பு விதிக்கப்பட்டது. மரணத்திற்கு மட்டும் பணம் தரும் டெர்ம் பாலிஸியோ குறைந்த பிரீமியத்தில் பெருந்தொகைக்குக் காப்பளிக்கிறது. பிழைத்திருந்தால் ஒன்றும் திரும்பாது என்பதற்காகவே நம்மவர் அதை நஷ்டமெனக் கருதுகின்றனர். வீடு தீப்பற்றவில்லையே என்று தீ இன்ஷூரன்ஸ் கட்டியவன் வருந்துவதுண்டோ?

ஏழைகளின் நிலையையும் பார்ப்போம். 2015-ல் ஆரம்பித்த பிரதம மந்திரி ஜீவன் ஜோதி திட்டத்தில் வருஷத்திற்கு 436 ரூபாய் கட்டினால், எக்காரணத்தால் மரணம் நேரினும் குடும்பத்திற்கு 2 லட்சம் கிடைக்கும். நல்ல ஏற்பாடே; ஆனால் 55 வயதோடு அது முடிந்துவிடுகிறது. அதே வருஷம் வந்த அடல் பென்ஷன் திட்டம் 60 வயதுக்குமேல் மாதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை உறுதியளிக்கிறது. இத்தொகை விலைவாசியோடு ஏறுவதன்று. விலைவாசி வருஷத்திற்கு 6 சதவீதம் உயருமானால் 12 வருஷத்தில் இருமடங்காகும். இன்று 24 வயதில் சேரும் தொழிலாளி 36 வருஷம் கழித்துப் பெறப்போகும் 5,000 ரூபாய், இன்றைய 625 ரூபாய்க்கே சமம். இதைக்கொண்டு ஒரு கிழவர் மாதம் முழுவதும் எவ்வாறு ஜீவிப்பார்?

சில நன்மைகள் நடந்திருப்பதை மறுக்க இயலாது. ஒரு வருஷப் பிரீமியம் மட்டும் கட்டி நிறுத்தியவருக்கும் சரண்டர் தொகையில் நியாயம் கிடைக்க 2024 அக்டோபர் முதல் விதி செய்யப்பட்டது. தனிநபர் பாலிஸிகளின் மீதிருந்த ஜி.எஸ்.டி. வரி 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டது. இவை போதா. ஏழைகளின் பென்ஷனை விலைவாசியோடு பிணைக்க சர்க்கார் முன்வரவேண்டும். பாலிஸியை விற்கும் ஏஜெண்டு, மரணப் பாதுகாப்புக்கு எவ்வளவு, சேமிப்புக்கு எவ்வளவு, தமக்குக் கமிஷன் எவ்வளவு என்பதைத் தமிழில் ஒரே காகிதத்தில் எழுதித் தருமாறு விதிக்கவேண்டும்.

நேயர்களுக்கு நாம் கூறுவது இதுவே. கையெழுத்திடுமுன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: நாளை நாம் இறந்தால் இத்தொகை குடும்பத்திற்கு எத்தனை வருஷம் வரும்? எண்பது வயதுவரை இருந்தால் நம்மை எது காக்கும்? இரண்டிற்கும் விடையளிக்காத பாலிஸியை, கொண்டுவருபவர் உறவினரேயாயினும், தயங்காமல் திருப்பி அனுப்புங்கள். ஒரு காலத்தில் அந்நியர் நம் உயிரைக் குறைவாக மதித்தனர். இன்று நாமே நமது முதுமையைக் குறைவாக மதித்தல் தகாது.