என்ஜின் மாறிய வண்டியில் எரியும் மஞ்சள் விளக்கு

பாலக்காட்டிலிருந்து மூணாறுக்குப் போக ஒரு வழி தமிழ்நாட்டுக்குள் புகுந்து வருகிறது. பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை தாண்டி, சின்னாற்றில் மறுபடி கேரளத்துக்குள் நுழைந்து, மறையூர் ஏறிப் போக வேண்டும். பாலக்காட்டுக் கணவாயில் மார்ச், ஏப்ரல் வெயில் 40 டிகிரியைத் தொடும். சின்னாறு மழை மறைவுப் பகுதி, முட்செடியும் புதருமான வறண்ட காடு. அங்கிருந்து இரண்டு மணி நேரம் ஏறினால் 1,500 மீட்டர் உயரத்தில் மூணாறு, சாரலும் மூடுபனியும். காலையில் வெந்த வண்டி மாலையில் நனைகிறது. என்ஜின் மாற்றிய வண்டி என்றால் அதன் வயரிங் எப்படிப்பட்டது என்பது இந்த ஒரு பயணத்தில் தெரிந்துவிடும்.

இடுக்கி மலைக்காரர்களுக்கு என்ஜின் மாற்றுவது புதிய சங்கதியே இல்லை. போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடியற்காலையில் ஏலத்தோட்டங்களுக்கு ஆளேற்றிப் போகும் ஜீப்புகளையும், சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குச் சுற்றுலாப் பயணிகளைக் கொண்டுபோகும் ஜீப்புகளையும் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அந்தப் பழைய டீசல் என்ஜின்களுக்கு மின்சாரம் அதிகம் தேவையில்லை. செல்ஃப் மோட்டார் சுழன்றால் போதும், மற்றதெல்லாம் பம்ப் பார்த்துக்கொள்ளும். அத்தகைய என்ஜினைக் கழற்றி இன்னொன்றை மாட்டுவது பெரும்பாலும் இரும்பு வேலை. தாங்கியை வெட்டி ஒட்டி, கியர்பாக்ஸோடு பொருத்தி, டீசல் குழாயை இணைத்தால் வண்டி ஓடும்.

மின்னணுக் கட்டுப்பாட்டில் ஓடும் காமன் ரயில் டீசல் என்ஜினும் ஏபிஎஸ்ஸும் உள்ள வண்டியில் கதை வேறு. இங்கே இரும்பு வேலை பாதிதான். மறுபாதி வயரிங். என்ஜின் அருமையாக இரையும், இழுவையும் இருக்கும். ஆனால் மீட்டர் போர்டில் சறுக்கும் காரின் படம் போட்ட மஞ்சள் விளக்கு அணையவே அணையாது. ஏற்றத்தில் திடீரென்று ஆக்சிலரேட்டர் செத்துப்போகும். உடனே பலரும் பழி போடுவது புதிதாக வந்த என்ஜின்மேல். பெரும்பாலும் அதன்மேல் குற்றம் இருக்காது.

அந்த விளக்கு டிராக்‌ஷன் கண்ட்ரோலுடையது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸை பாஷ் நிறுவனம் 1978இல் கார்களுக்குக் கொண்டுவந்தது. சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் டிராக்‌ஷன் கண்ட்ரோல் 1986இல் அதே கருவிகளின்மேல் கட்டப்பட்டது. ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் பல்வளையமோ காந்த வளையமோ சுற்றும். பக்கத்தில் ஒரு சென்சார் அதை எண்ணிக்கொண்டே இருக்கும். ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட வேகமாகச் சுழன்றால் அது பிடிமானம் இழந்துவிட்டது என்று பொருள். ஏபிஎஸ்ஸின் கட்டுப்பாட்டுப் பெட்டி அந்தச் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடிக்கும். கூடவே என்ஜினின் கட்டுப்பாட்டுப் பெட்டியிடம் இழுவையைக் குறைக்கச் சொல்லும். என்ஜின் பெட்டி குறைத்துவிட்டுப் பதில் சொல்ல வேண்டும். பதில் வரவில்லை என்றாலும், வந்த கணக்கு நம்பும்படி இல்லை என்றாலும், ஏபிஎஸ் பெட்டி விலகிக்கொண்டு மஞ்சள் விளக்கைப் போடும்.

இந்தப் பேச்சு நடப்பது ஒன்றையொன்று முறுக்கிய இரண்டு மெல்லிய வயர்களில். கேன் என்ற இந்த முறையையும் பாஷ் 1986இல்தான் வெளியிட்டது. வயர்களின் இரு முனைகளிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று இருக்கும். பல வண்டிகளில் அதில் ஒன்று என்ஜின் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. பழைய பெட்டியைக் கழற்றி எறிந்தால் அந்தத் தடையும் போய்விடும். சோதிப்பது எளிது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்கேனர் மாட்டும் சாக்கெட்டில் 6ஆம், 14ஆம் ஊசிகளுக்கிடையே மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனை காணாமல் போயிருக்கிறது. பூஜ்யத்துக்கு அருகே காட்டினால் இரண்டு வயரும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஸ்கேனரில் யூ0100 என்ற குறி வந்தாலும் என்ஜின் கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். ‘என்ஜின் பெட்டியோடு தொடர்பு இல்லை’ என்பதே அதன் அர்த்தம். 60 ஓம் சரியாக இருந்தும் இந்தக் குறி வந்தால், முதலில் புதுப் பெட்டிக்கு மின்சாரமும் எர்த்தும் போகிறதா என்று பாருங்கள். அதுவும் சரி என்றால் இரு பெட்டிகளும் வெவ்வேறு மொழி பேசுகின்றன. இடையில் மொழிமாற்றும் சிறு கருவி வைக்க வேண்டும், அல்லது ஒரே வண்டியின் இரண்டு பெட்டிகளையும் சேர்த்து எடுத்து மாட்ட வேண்டும்.

அடுத்து, எண்ணும் வளையம். என்ஜினோடு சேர்த்து ஆக்சிலையோ ஹப்பையோ வேறு வண்டியிலிருந்து எடுப்பவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. 44 பல் எதிர்பார்க்கும் பெட்டிக்கு 48 பல் வளையம் கிடைத்தால், 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சக்கரம் ஏறக்குறைய 33இல் போவதாகக் கணக்கு வரும். காய்ந்த தார்ச்சாலையிலேயே அந்தச் சக்கரம் வழுக்குவதாகப் பெட்டி நம்பும். டயரும் இப்படித்தான். முன்னால் 215/75 ஆர்15, பின்னால் 235/70 ஆர்16 போட்டால் சுற்றளவில் 4 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம். ஸ்கேனரில் நான்கு சக்கர வேகங்களையும் ஒன்றாகத் திறந்து வைத்து, நேரான சாலையில் ஒரே வேகத்தில் ஓட்டுங்கள். ஒரு சக்கரம் எப்போதும் கூடுதலாகவே காட்டினால் வளையமோ டயரோ. விட்டு விட்டுப் பூஜ்யத்துக்கு விழுந்தால் வயர்.

அந்த வயரைத் தேட மலைச்சாலையே நல்ல இடம். சக்கரம் திரும்பும்போதெல்லாம் சென்சார் வயரும் வளைகிறது. மேலே உறை முழுதாக இருக்க, உள்ளே செம்பு இழை அறுந்திருக்கும். போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் 17 கொண்டை ஊசி வளைவுகளில் இடப்பக்கத் திருப்பத்தில் மட்டும் விளக்கு வருகிறது என்றால், ஸ்டியரிங்கை அதே பக்கம் முழுக்க ஒடித்து நிறுத்தி, வயரை விரலால் மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். அறுந்த இடத்தில் உறை மட்டும் ரப்பர்போல நீளும்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது எர்த். என்னைக் கேட்டால், எர்த்தை அளக்காமல் ஒரு பெட்டியைக்கூடக் காசு கொடுத்து வாங்கக் கூடாது. என்ஜின் ரப்பர் தாங்கிகளின்மேல் உட்கார்ந்திருக்கிறது. செல்ஃப் மோட்டாருக்குப் போன மின்சாரம் பேட்டரிக்குத் திரும்ப, என்ஜினிலிருந்து வரும் எர்த் பட்டைதான் சரியான வழி. புது என்ஜினுக்குப் பழைய பட்டை எட்டாது. பெயின்ட்மேலேயே போல்ட் போட்டு முறுக்கிவிடுவார்கள். செல்ஃப் 200 ஆம்பியர் இழுக்கும்போது அங்கே வெறும் 0.005 ஓம் தடை இருந்தாலும் 1 வோல்ட் தொலைந்துபோகும். பல சென்சார்கள் வேலை செய்வதே 5 வோல்ட்டில். ஹெட்லைட் போட்டதும் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது, ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஏபிஎஸ் விளக்கு வருகிறது என்பதெல்லாம் இதன் அறிகுறிகள்.

மல்டிமீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரியின் மைனஸ் கம்பத்திலேயே வையுங்கள், கிளாம்பில் வேண்டாம். சிவப்பு முனை என்ஜின் உடம்பில் சுத்தமான உலோகத்தில். ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். 0.2 வோல்ட்டுக்குள் நின்றால் நிம்மதி. அரை வோல்ட்டைத் தாண்டினால் பெயின்டைச் சுரண்டி, கனமான புதுப் பட்டை போட்டு, மேலே கிரீஸ் பூசி, மறுபடி அளக்க வேண்டும்.

வெயிலும் மழையும் செய்யும் கெடுதல்கள் வேறு வேறு. புது என்ஜினின் சைலன்சர் குழாய் எதிர்ப்பக்கம் வந்தால், பழைய வயரிங் கட்டு அதன் சூட்டில் மாட்டிக்கொள்ளும். பாலக்காட்டு வெயிலில் அந்த உறை இறுகி வெடிக்கும். மூணாற்று மழை அந்த வெடிப்பில் இறங்கிப் பச்சைக் களிம்பு பிடிக்க வைக்கும். வயர் வழியாகவே நீர் கசிந்து பெட்டியின் சாக்கெட் வரை போவதுண்டு. சாக்கெட்டுக்குள் நுழையும் முன் வயரைக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டால் நீர் அங்கேயே சொட்டிவிடும்.

எல்லாம் சரியாக இருந்தும், கொழுக்குமலைப் பாதை போன்ற சேற்று ஏற்றத்தில் இழுவை குறைந்து வண்டி நின்றால் அதைக் கோளாறு என்று எண்ண வேண்டாம். சேற்றில் சக்கரம் கொஞ்சம் சுழன்றுதான் ஏற வேண்டும். டிராக்‌ஷன் கண்ட்ரோல் அதையும் தடுக்கிறது. ஆஃப் பொத்தான் அதற்காகவே இருக்கிறது. தார்ச்சாலை வந்ததும் மறக்காமல் மறுபடி போட்டுவிடுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று கேரளத்திலிருந்து போன வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஆகவே என்ஜினை இறக்குவதற்கு முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டு அனுமதி வாங்க வேண்டும். ஆர்சி புத்தகத்தில் இருக்கும் என்ஜின் எண்ணும் வண்டியில் இருப்பதும் வேறாக இருந்தால், விபத்து நடந்த அன்று இன்சூரன்ஸ் கைவிடக்கூடும்.

வேலை முடிந்ததும் வயரிங் செய்தவரிடம் ஒரு தாளில் படம் போட்டு வாங்குங்கள்: எந்த நிற வயர் எங்கே வெட்டி எதோடு சேர்க்கப்பட்டது, எந்த ஃபியூஸ், எந்த ரிலே, எர்த் எத்தனை இடத்தில். அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு டாஷ்போர்டில் வையுங்கள். கம்பெனியின் படம் இந்த வண்டிக்குப் பொருந்தாது. ராத்திரியில் மறையூரில் வண்டி நின்றால், டார்ச் அடித்து பானெட்டுக்குள் குனியும் முன்பின் தெரியாத மெக்கானிக்குக் கையில் கிடைப்பது அந்தத் தாள் ஒன்றுதான்.