யு.எஸ்.பி மைக்கில் குரல் விட்டு விட்டு வருகிறதா? புதுசு வாங்குவதற்கு முன் இதைப் பாருங்க!

கும்பகோணத்தில் இருக்கும் என் அத்தை, பாட்டு டீச்சர். கொரோனா நேரத்தில் பொழுதுபோக்காக ஆரம்பித்த ஆன்லைன் வகுப்புதான் இன்று அவருடைய வருமானம். காலை ஐந்தரை மணிக்கு அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளுக்கு, மாலையில் சென்னைப் பிள்ளைகளுக்கு என்று லேப்டாப் முன் உட்கார்ந்துவிடுவார். போன மாதம் அவரிடமிருந்து போன்.

"கண்ணா, நான் ஸரிகமபதநின்னு பாடினா, அந்தப் பக்கம் ஸ... க... த...ன்னு கேட்குதாம். தாளமும் நிக்கலை, பாட்டும் நிக்கலை. ரெண்டு பேர் கிளாஸையே நிறுத்திட்டாங்க. கடையில கேட்டேன், அந்தப் பெட்டியே போச்சு, புதுசு வாங்கணும்கிறாங்க."

'அந்தப் பெட்டி' என்று அத்தை சொன்னது, மைக்கையும் லேப்டாப்பையும் யு.எஸ்.பி வழியாக இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ். ஏழாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கியது. "நான் வர்ற வரைக்கும் எதையும் வாங்காதீங்க அத்தை" என்று சொல்லிவிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பிப் போனேன். ஒரு பிற்பகல் முழுக்க இரண்டு பேரும் உட்கார்ந்து கண்டுபிடித்தோம். பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை!

யு.எஸ்.பி மைக், ஹெட்செட், ஸ்பீக்கர் என்று எதை வைத்திருப்பவர்களுக்கும் இதே தொல்லை வரலாம். அன்றைக்கு நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

ஏன் திக்குகிறது?

உங்கள் குரலை இந்தக் கருவிகள் நொடிக்கு 44,100 அல்லது 48,000 முறை அளந்து எண்களாக மாற்றுகின்றன. அந்த எண்கள் சிறு சிறு பொட்டலங்களாக யு.எஸ்.பி வயரில் ஓடுகின்றன.

பென்டிரைவில் ஒரு போட்டோவை காப்பி செய்யும்போது நடுவில் ஏதாவது தவறினால், கம்ப்யூட்டர் அதை மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும். ஒலிக்கு அந்தச் சலுகை இல்லை. தாளம் யாருக்காகவும் நிற்காது இல்லையா? அதுபோல, நேரத்துக்கு வராத பொட்டலத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். விட்டுப்போன இடம்தான் நம் காதில் 'டப்' என்றோ, வெட்டு விழுந்த மாதிரியோ கேட்கிறது.

இதைச் சமாளிக்க கம்ப்யூட்டரில் 'பஃபர்' என்று ஒன்று உண்டு. மொட்டைமாடித் தண்ணீர் தொட்டி மாதிரி. மோட்டார் கொஞ்ச நேரம் நின்றாலும், தொட்டியில் தண்ணீர் இருக்கும்வரை குழாயில் வரும். தொட்டி சின்னதாக இருந்து, மோட்டாரும் அடிக்கடி நின்றால்தான் சிக்கல்.

ஆக, பெரும்பாலும் இது நேரப் பிரச்னை. எது தாமதப்படுத்துகிறது என்று கண்டுபிடித்தால் போதும்.

முதல் வேலை: ஒரு நிமிட சோதனை

வீடியோ கால் ஆப்பை மூடுங்கள். வைஃபையை அணைக்காமல், கம்ப்யூட்டரிலேயே ஒரு நிமிடம் பேசியோ பாடியோ பதிவு செய்யுங்கள். அதை அந்த யு.எஸ்.பி கருவி வழியாகக் கேட்காமல், ஃபைலை போனுக்கு அனுப்பிக் கேளுங்கள்.

* பதிவு சுத்தமாக இருந்தால், குற்றவாளி இன்டர்நெட் அல்லது வீடியோ கால் ஆப்.
* பதிவிலேயே வெட்டு இருந்தால், சிக்கல் கம்ப்யூட்டருக்கும் கருவிக்கும் நடுவில்.
* வெட்டு இல்லாமல் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் மட்டும் தொடர்ந்து கேட்டால், அது பெரும்பாலும் கரன்ட், எர்த் சமாசாரம்.

அத்தையின் பதிவில் எண்ணி ஏழு இடத்தில் வெட்டு. "அப்போ நெட்டு மேல தப்பில்லையா? பாவம், அந்த கேபிள்காரத் தம்பியை எவ்வளவு திட்டினேன்!" என்றார் அத்தை.

ஒரே ஹப்பில் எத்தனை பேர்?

அத்தையின் லேப்டாப்பில் யு.எஸ்.பி போர்ட் இரண்டே இரண்டு. ஒன்றில் மவுஸ். இன்னொன்றில் ஒரு குட்டி ஹப். அந்த ஹப்பில் ஆடியோ பெட்டி, வெப்கேம், போதாக்குறைக்கு போன் சார்ஜர் வயர்!

சாதாரண யு.எஸ்.பி 2.0 போர்ட் தரக்கூடிய மின்சாரம் 500 மில்லி ஆம்பியர், யு.எஸ்.பி 3.0 என்றால் 900. தனி அடாப்டர் இல்லாத ஹப், அந்த ஒரு பங்கைத்தான் எல்லோருக்கும் பிரித்துத் தரவேண்டும். வெப்கேம் வேறு அதே வழியில் நிறைய டேட்டாவை அனுப்பும். அதனால் ஆடியோ கருவியை எப்போதும் லேப்டாப்பில் நேரடியாகச் செருகுங்கள். ஹப் இல்லாமல் முடியாது என்றால், தனியாக மின்சாரம் எடுக்கும் ஹப் நல்லது. வயரையும் ஒருமுறை மாற்றிப் பாருங்கள்.

பெட்டியை நேரடியாகச் செருகினோம். ஏழு வெட்டு மூன்றாகக் குறைந்தது. ஆனால், முழுசாகப் போகவில்லை.

மிச்சம் பிடிக்கும் கம்ப்யூட்டர்

அப்போதுதான் கவனித்தேன். சார்ஜர் சுவரோரம் சும்மா கிடந்தது. லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது.

"சார்ஜர் போட்டா ஒரு இரைச்சல் வருது கண்ணா. தம்புரா மாதிரி, ஆனா சுருதி சேராம! அதான் கிளாஸ் நேரத்துல கழட்டிடுவேன்" என்றார்.

விஷயம் அங்கேதான். பேட்டரியில் ஓடும்போது லேப்டாப் சிக்கனமாகிவிடும். பிராசசர் வேகத்தைக் குறைக்கும். சும்மா இருப்பதாக அது நினைக்கும் யு.எஸ்.பி போர்ட்டுகளையும் தூங்க வைக்கும். ஒரு தொல்லைக்கு அத்தை கண்டுபிடித்த வைத்தியம், இன்னொரு தொல்லையைக் கொண்டுவந்திருக்கிறது.

அந்த இரைச்சலுக்குக் காரணமும் கிடைத்தது. மூன்று பின் சார்ஜரை, இரண்டு பின் கன்வெர்ட்டரில் மாட்டி வைத்திருந்தார். எர்த் இல்லை. எர்த் இருக்கும் பிளக் பாயின்ட்டுக்கு மாற்றியதும் இரைச்சல் அடங்கியது. உங்கள் வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று சந்தேகம் இருந்தால், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். நீங்களே கை வைக்க வேண்டாம்.

சார்ஜரைப் போட்ட பிறகு விண்டோஸில் இரண்டு மாற்றம் செய்தோம்:

* கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ், அதில் யு.எஸ்.பி செட்டிங்ஸ். அங்கே 'செலக்டிவ் சஸ்பெண்ட்' என்பதை டிஸேபிள் செய்தோம்.
* டிவைஸ் மேனேஜரில் 'யு.எஸ்.பி ரூட் ஹப்' மீது ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், பவர் மேனேஜ்மென்ட். மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிட்டோம்.

மறுபடி ஒரு நிமிடப் பதிவு. வெட்டு பூஜ்ஜியம்!

அப்படியும் போகவில்லையா?

எல்லோருக்கும் இதோடு முடியாது. ஒவ்வொன்றாக இவற்றையும் பாருங்கள்.

*ஒரே அளவு:* கருவி 48,000 ஹெர்ட்ஸிலும், விண்டோஸோ ரெக்கார்டிங் ஆப்போ 44,100-லும் இருந்தால் உரசல் வரலாம். எல்லா இடத்திலும் ஒரே எண்ணை வையுங்கள். மேக்கில் இது 'ஆடியோ மிடி செட்டப்' என்ற ஆப்பில் இருக்கும்.

*பஃபர்:* கருவியின் சொந்த ஆப்பிலோ, ரெக்கார்டிங் ஆப்பிலோ இந்த எண் இருக்கும். 48,000 ஹெர்ட்ஸில் 128 என்றால் தொட்டியில் மூன்று மில்லி செகண்டுக்கும் குறைவான ஒலிதான் நிற்கும். 512 என்றால் கிட்டத்தட்ட 11 மில்லி செகண்ட். எண்ணைக் கூட்டினால் வெட்டு குறையும். ஆனால் உங்கள் குரல் உங்கள் ஹெட்போனுக்கு வரக் கொஞ்சம் தாமதமாகும். வகுப்பு எடுக்க 512 தாராளம்.

*டிரைவர்:* கருவியைத் தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து புது டிரைவரை இறக்குங்கள். விண்டோஸில் எந்த டிரைவர் இடையூறு செய்கிறது என்று காட்ட 'லேட்டன்ஸிமான்' என்ற மென்பொருள் இருக்கிறது. பல லேப்டாப்களில் அது வைஃபை டிரைவரைக் கைகாட்டும். வைஃபையை அணைத்துவிட்டுப் பதிவு செய்து பார்த்தால் உறுதியாகிவிடும்.

*வயர்லெஸ் ஹெட்செட்:* சின்ன யு.எஸ்.பி டாங்கிள் வைத்து இயங்குவது என்றால், பக்கத்து போர்ட்டில் யு.எஸ்.பி 3.0 ஹார்டு டிஸ்க் இருக்கிறதா பாருங்கள். யு.எஸ்.பி 3.0 கருவிகள் 2.4 கிகா ஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் உண்டாக்கும் என்று 2012-லேயே இன்டெல் ஓர் அறிக்கையில் விளக்கியிருக்கிறது. டாங்கிளை ஒரு எக்ஸ்டென்ஷன் வயரில் தள்ளி வைத்தாலே தீர்ந்துவிடலாம்.

*அப்டேட்:* சில நேரம் தவறு கம்ப்யூட்டர் கம்பெனியுடையதாகவே இருக்கும். 2018-ல் வந்த மேக்புக்குகளில் யு.எஸ்.பி ஆடியோ தடுமாற, ஆப்பிள் 2019 மார்ச்சில் 10.14.4 அப்டேட்டில் அதைச் சரிசெய்தது. 2021-ல் ஏ.எம்.டி-யும் தன் சில மதர்போர்டு சிப்செட்களில் யு.எஸ்.பி இணைப்பு விட்டுவிட்டு வருவதை ஒப்புக்கொண்டு, பயாஸ் அப்டேட் மூலம் தீர்வு தந்தது.

பாட்டு டீச்சர்களுக்கு மட்டும்

பதிவு சுத்தம், ஆனால் வீடியோ காலில் மட்டும் நீண்ட கார்வை தேய்ந்து மறைகிறதா? தம்புரா காணாமல் போகிறதா? அது வெட்டு இல்லை. மாறாமல் ஒலிக்கும் எதையும் ஃபேன் சத்தம் என்று நினைத்து ஆப் வடிகட்டிவிடுகிறது. ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' என்பதை ஆன் செய்தால், உள்ளதை உள்ளபடி அனுப்பும்.

எதைச் செய்தாலும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றிய உடனே ஒரு நிமிடப் பதிவு. நான்கை ஒரே மூச்சில் மாற்றினால், எது பலித்தது என்று தெரியாது. அடுத்த தடவை வந்தால் மறுபடி முதலிலிருந்துதான். நாங்கள் ஒவ்வொன்றையும் அத்தையின் பாட்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தோம்.

மறுநாள் காலை ஐந்தரை மணி வகுப்பை, பக்கத்து அறையில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். மாயாமாளவகௌளையில் சரளி வரிசை. அத்தை பாடி நிறுத்தியதும், அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பிஞ்சுக் குரல்: "டீச்சர், இன்னிக்கு எல்லா ஸ்வரமும் வந்துடுச்சு!"

நிறுத்திய இருவருக்கும் அன்றைக்கே அத்தை போன் செய்தார். ஒருவர் திரும்பி வந்துவிட்டார். இன்னொருவர் அதற்குள் வேறு டீச்சரிடம் சேர்ந்துவிட்டாராம்.

"கொஞ்சம் முன்னாடியே உன்கிட்ட சொல்லியிருக்கணும்" என்கிறார் அத்தை.